ஓரக்கண் அந்தோணியார்

செத்து எண்ணூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அந்தோணியாருக்கு மவுசு குறையவில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று பெயரெடுத்துவிட்டார். மனிதர்களும் தொலைப்பதை நிறுத்தியபாடில்லை. சிலைப் பட்டறை அலமாரியில் மற்ற புனிதர்கள் தூசி தின்று கொண்டிருக்க, இவர் மட்டும் பெயின்ட் காய்வதற்குள் பெட்டி ஏறிவிடுவார்.

அங்கே பிளாஸ்டர் சிலைகளுக்குக் கண் எழுதுகிறவருக்குக் கண்காரர் என்று பெயர். முதலாளி அவருடைய தங்கை புருஷன். ஆகவே சொந்தக்காரருக்கு உண்டான சம்பளம். கூடக் கேட்டால் குடும்பம் உடையும்.

கண்காரருக்குப் பார்வை மங்கியது. "கண் நரம்பு செத்துக்கிட்டிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணா மிச்சமாவது நிக்கும். போனது வராது" என்றார் டாக்டர். அதற்குள் சிலைகளின் கருவிழி ஒரு பக்கமாக ஒதுங்க ஆரம்பித்திருந்தது. அப்படி ஓர் அந்தோணியாரை வாங்கிப்போன அம்மாள், அவர் பார்த்த திசையிலேயே தேடினாள். பீரோவுக்கு அடியில் காணாமல் போன கம்மல் கிடைத்தது. அவ்வளவுதான், ஊரே ஓரக்கண் கேட்டு வந்து நின்றது. நேராகப் பார்த்த புனிதர்களைச் சீந்த ஆளில்லை.

கண்காரர் ஆபரேஷனுக்கு லீவு கேட்டார்.

"இப்பவா மச்சான்? புனிதர் உங்க கண்ணு வழியாத்தானே வேலை செய்யறாரு! அதைச் சரிபண்ணிட்டா அவரு எங்க போவாரு?"

"மாப்பிள்ளை, எனக்குப் பாதி உலகம் தெரியல."

"மீதியை வச்சு ஓட்டுங்க. தெரியாத பாதியில அப்படி என்ன பெருசா இருந்துச்சு?"

மனைவியிடம் முறையிட்டார். "ஊருக்கே தேடிக் குடுக்கறவரு, தினமும் அவரை மடியில வச்சுக் கொஞ்சுற உங்களைக் கைவிடுவாரா? பொறுங்க" என்றாள். ஓரக்கண் புண்ணியத்தில் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்திருந்தது. விசுவாசம் அதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் வளரும்.

பொறுத்தார். இரண்டு கண்ணும் சுத்தமாக அணைந்தன. சொன்னால் வேலை போய்விடும் என்று பட்டறையில் மூச்சு விடவில்லை. மனைவியும் அதே நல்லெண்ணத்தில் வாய் திறக்கவில்லை. கட்டைவிரலால் சிலையின் கண்ணோரங்களைத் தடவி, நடுவைப் பிடித்து, பிரஷை வைத்தார். பார்வை இருந்தபோது ஏமாற்றிய கை இப்போது இம்மி பிசகவில்லை. அத்தனை அந்தோணியாரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி நேரே பார்த்தார்கள்.

சரக்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.

"என்ன மச்சான், குடும்பத்தைத் தெருவுல நிறுத்தப் பாக்கறீங்களா? வேணும்னே நேரா வச்சீங்களா?"

"தெரியல மாப்பிள்ளை. எனக்குக் கண்ணே தெரியல."

"ஐயையோ! கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

பிரஷ் மனைவி கைக்குப் போயிற்று. நல்ல பார்வை அவளுக்கு. ஓரக்கண்ணை அளவெடுத்து எழுதினாள். புனிதரின் தலை ஆடாமல் பிடித்துக்கொள்வது கண்காரரின் புது உத்தியோகம்.

"என்னங்க, பிடிச்சபடியே கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."