தறிக்கூடத்துத் தண்ணீர்

போன ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அக்காவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். மூன்று வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டு நான் ராஜபாளையம் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் வேலையில்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அக்கா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் இருபது வருடமாக இருக்கிறாள். இடது கண் சிறுவயதிலேயே மாட்டுக்கொம்பு குத்திப் போய்விட்டது. "ஒத்தக் கண்ணுக்கே நாலு தறி குடுத்திருக்காவ. ரெண்டும் இருந்தா எட்டு குடுத்திருப்பாவ, தப்பிச்சேன்" என்பாள். அந்த ஒற்றைக் கண் இரண்டு நாளாகச் சிவந்து, கருவிழியில் அரிசி அளவு வெள்ளை விழுந்திருந்தது.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது கேட்டாள்: "ஏட்டி, கோபுரம் வந்துட்டா?"

கோபுரம் சன்னலுக்கு நேரே நின்றது. "இன்னும் வரலக்கா" என்றேன்.

மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்தார். "என்ன கிருமின்னு வளத்துப் பாக்க ரெண்டு மூணு நாள் ஆகும். சில கிருமி அதுக்குள்ள கருவிழியவே கரைச்சிடும். மரபணுவ வச்சு இன்னைக்கே சொல்ற டெஸ்ட்டுக்கும் அனுப்புறேன். கண்ண எதுல கழுவினீங்க?"

"குழாத் தண்ணியில" என்றாள் அக்கா.

ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. "நம்மளையா கூப்பிடுதாவ?" என்று மட்டும் கேட்டாள்.

நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். "இது தேங்குன தண்ணியில வளர்ற கிருமி. குழாத் தண்ணிதானா?" என்றார் டாக்டர்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "டிரம்முத் தண்ணி."

தறிக்கூடத்தில் நூல் அறாமலிருக்கத் தரையில் தெளிக்க டிரம்மில் நிரப்பி வைக்கும் தண்ணீர் அது. பஞ்சு கண்ணில் விழுந்தால் அங்கே எல்லோரும் அதில்தான் கழுவுவார்கள், குளிர்ச்சியாக இருக்குமென்று.

"ஏன்க்கா சொல்லல?"

"மொதலாளிக்குக் கெட்ட பேரு வந்துரும்லா."

"கண்ணு போனா?"

"அதையுந்தான் நெனச்சேன்."

அங்கேயே சேர்த்துக்கொண்டு மருந்தை மாற்றினார்கள், அரைமணிக்கு ஒரு சொட்டு. கண் பிழைக்குமா என்று கேட்டதற்கு, "சொட்டு மருந்த விடாம போடுங்க" என்றார் டாக்டர். பன்னிரண்டாம் நாள் ஊருக்கு அனுப்பியபோது, முகத்துக்கு முன்னால் விரல் ஆட்டினால் ஏதோ அசைகிறது என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பினேன். போன் பண்ணிக் கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

பங்குனி கடைசியில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"ஏட்டி, இன்னிக்குக் கிருஷ்ணன்கோவில் பஸ்சு போர்ட நானே படிச்சு ஏறிட்டேன். ஓரத்துல மேகம் மாரி கெடக்கு, அம்புட்டுதான். ரெண்டு தறி குடுத்திருக்காவ. மூஞ்சி கழுவத்தான் பயமா இருக்கு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தான் குழாகிட்ட போறேன்."