நாலு தட்டில் கிடந்த கியர்பாக்ஸ்

மாரிச்செல்வத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சிரித்துவிட்டார்கள். "அந்த மெக்கானிக்கா? வாயைத் தொறந்தாலே வசவுதானே" என்றார் தமிழாசிரியர். ஆமாம், வசவுதான். என் வாயும் ஒன்றும் குறைச்சல் இல்லை. இரண்டு வாயும் சேர்ந்து ஒரு மாதம் சண்டை போட்டோம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜாய். சாத்தான்குளத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், வீடு நாசரேத்தில். இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் ஆட்டோமேட்டிக் கார். அதற்கு வலது கால் ஒன்று போதும். கார் வருவதற்கு முன் பதினாறு வருஷம் என்னைப் பைக்கில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவன் என் அண்ணன் சுந்தரராஜ். நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். நாலரைக்கு வருகிறேன் என்பான், ஆறு மணிக்கு வருவான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "உனக்கென்ன அவசரம், வீட்டுல புருஷனா பிள்ளையா காத்துக் கெடக்கு?" என்பான். அதைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்துதான் என் சம்பளத்தில் கார் வாங்கினேன்.

ஆனால் அதிலும் ஒரு மடத்தனம் செய்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீ தடியை ஊன்றிக்கொண்டு அலையாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அண்ணன். பார்த்துக்கொண்டான். ஆர்.சி. புத்தகம் அவன் பெயரில் வந்தது. "யார் பேர்ல இருந்தா என்ன, ஓட்டப்போறது நீதானே" என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை.

போன பிப்ரவரியில் இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் சிவப்பாக எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. தூத்துக்குடி பைபாஸில் ஒரு பெரிய ஒர்க்ஷாப். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு, வேலை மட்டும் கிடையாது. மூன்று தடவை சீல் மாற்றினார்கள், மூன்று தடவையும் ஒழுகியது. ஒவ்வொரு தடவையும் என்னை விட்டுவிட்டு அண்ணனிடம்தான் பேசுவார்கள். "சார், மேடத்துக்கு எடுத்துச் சொல்லுங்க" என்பான் அந்த மேனேஜர். மேடம் அவன் மூக்குக்கு நேரேதான் நிற்கிறாள்! மூன்றாவது தடவை சரிசெய்து கொடுத்த வண்டி ஆறுமுகநேரி உப்பளம் தாண்டுவதற்குள் நகராமல் நின்றுவிட்டது. ஏப்ரல் மாதம், நடுப்பகல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

"சனியனை வித்துத் தொலைப்போம். ஜூன்ல இருந்து பழையபடி நானே கொண்டு விடுதேன்" என்றான் அண்ணன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சரியாகிவிட்டால் வைத்துக்கொள், இல்லையென்றால் விற்றுவிடுவேன் என்று கெடுவும் வைத்தான். அவன் பெயரில் இருக்கிற வண்டி, அவன் விற்கலாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரும்பவும் அந்தப் பைக், திரும்பவும் அந்தக் கேட் வாசல், திரும்பவும் அந்தக் கேள்வி. செத்தாலும் மாட்டேன் என்று நினைத்தேன்.

ரெக்கவரி வண்டி டிரைவர்தான் மாரிச்செல்வத்தின் ஷெட்டைக் காட்டினார். துறைமுகம் போகிற வழியில் எடைமேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மீன்பிடித் தடைக்காலம் அது. லாஞ்சு என்கிற மீன்பிடி விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், அத்தனை பேருக்கும் எஞ்சின் வேலை அப்போதுதான் நினைவுக்கு வரும். ஷெட் முழுக்க லாஞ்சு எஞ்சின் சாமான்கள், கிரீஸ் டப்பாக்கள். நடுவில் ஒரு ஆள் என் வண்டிக்கு அடியில் புகுந்து வெளியே வந்து கேட்டார்: "ஓட்டுதது யாரு?"

"அது வந்துவே..." என்று அண்ணன் முன்னால் வந்தான்.

"நீரா ஓட்டுதீரு?"

"இல்ல, தங்கச்சி."

"அப்ப நீரு அங்கன போயி உக்காரும்." என் பக்கம் திரும்பினார். "எண்ணெய் ஒழுகுதுன்னு தெரிஞ்சும் எத்தனை நாள் ஓட்டுனிய? படிச்சவியதானே? அது எண்ணெய் இல்ல, அதுக்கு ரெத்தம்! ரெத்தம் இல்லாம எப்படி ஓடும்?"

நாற்பத்தேழு வயதில் முதன்முதலாக ஒரு மெக்கானிக் நேருக்கு நேர் என்னைத் திட்டினார். கோபம் வந்தது, பதிலுக்கு நானும் கத்தினேன். ஆனால் திட்டு என்னிடம் வந்ததே, அண்ணன் வழியாக வரவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இரண்டு பக்கத்துச் சீலையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அச்சு சுழல்கிற இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்கிற ரப்பர் வளையம்தான் சீல். வளையத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தது. சக்கரம் சுற்றுகிற திசை அது. இடதுபக்கச் சீல் வேறு, வலதுபக்கச் சீல் வேறு. உள்ளே இருக்கிற மெல்லிய வரிகள் எண்ணெயை உள்பக்கமே திருப்பிவிடும். மாற்றிப் போட்டால் அதே வரிகள் எண்ணெயை வெளியே அனுப்பும்.

"ரெண்டு பக்கமும் ஒரே சீலைப் போட்டிருக்கான் களவாணிப்பய. அளவு சரியா இருக்குன்னு கடையில குடுத்திருப்பான், இவனும் வாங்கி அடிச்சிருப்பான். மூணு தடவையும்!" பிறகு என் விரலைப் பிடித்து அச்சின் மேல் ஓட்டினார். நகம் ஒரு பள்ளத்தில் இடறியது. பழைய சீல் தேய்த்த பள்ளம். அதன் மேலேயே புதுச் சீலை உட்கார வைத்தால் எந்தச் சீலும் நிற்காது, அச்சையும் மாற்ற வேண்டும் என்றார். காபி கொடுத்த ஒர்க்ஷாப்பில் இதை ஒருத்தனும் தடவிப் பார்க்கவில்லை.

அடுத்த சண்டை ரப்பரைப் பற்றி. கறுப்புச் சீல் சூட்டில் இறுகிவிடும், காப்பிக்கலர் சீல்தான் தாங்கும் என்றார் அவர். கலரை வைத்து ரப்பரைச் சொல்ல முடியாது, எந்தச் சாயம் வேண்டுமானாலும் போடலாம் என்றேன் நான். "அப்ப கொளுத்திப் பாத்திருவோம்" என்று ஒரு சீலை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். நான் போட்ட சத்தத்தில் எடைமேடைக்காரர் ஓடிவந்துவிட்டார். அது நிஜமாகவே புளோரின் ரப்பராக இருந்தால் அந்தப் புகை நுரையீரலை அரித்துவிடும். "பத்து வருஷமா இப்படித்தான் பாக்கேன்" என்றார் மாரிச்செல்வம், குச்சியை அணைத்துவிட்டு. பத்து வருஷமாகப் பிழைத்துக் கிடக்கிறீரே, உம் ஆயுசு கெட்டி என்றேன். அதற்கப்புறம் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற ரப்பர் குறியீட்டை நான் படித்துச் சொல்வேன், அவர் அம்பையும் அளவையும் பார்ப்பார். இப்படித்தான் ஒவ்வொரு சீலாகத் தேர்ந்தெடுத்தோம்.

எண்ணெய் குறைந்து சூடேறியதில் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருந்த சீல்களும் அப்பளமாக நொறுங்கியிருந்தன. அதையும் பிரித்தாக வேண்டும். சாமான் சென்னையிலிருந்து வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. பள்ளி விடுமுறைதானே, நானும் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போய்விடுவேன். கண்ணெதிரே செய்யாத வேலையை நம்புகிற புத்தி எனக்குப் போய்விட்டது.

அந்த நாட்களில்தான் அவர் கதை தெரிந்தது. ஏரல் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். பத்தாவதில் தவறி, மீன்பிடித் துறைமுகத்துக்கு லாஞ்சு வேலைக்கு வந்தவர், ஒன்பது வருஷம் அங்கே. பிறகு சவூதியில், தம்மாமில் பதினொரு வருஷம், முழுக்க ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அங்கே முதலாளி பழைய சீலைக் கழுவிப் புதுசு என்று போடச் சொல்லியிருக்கிறான். இவர் அந்தச் சீலை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். மறுவாரம் விமானம் ஏற்றிவிட்டார்கள். "அந்த வாயை அங்கயே வச்சிட்டு வந்திருக்கலாம், இங்கயும் கொண்டாந்திட்டாவ" என்பாள் அவர் மனைவி சந்தனச்செல்வி, மத்தியானச் சோறு கொண்டுவரும்போது. அவளும் அவரைத் திட்டிக்கொண்டேதான் பரிமாறுவாள்.

மே மாதக் கடைசியில் எல்லாம் பூட்டி முடித்தார். நான் வண்டியில் ஏறி ரிவர்ஸில் போட்டேன். வண்டி அசையவில்லை. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நிற்கிறது. பத்து விநாடி கழித்து யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு குலுக்கு. இறங்கி, கையிலிருந்த தடியால் தகரச் சுவரில் ஒரு போடு போட்டேன்.

"நீரும் அவனுவ மாதிரிதானா? சொல்லும்!"

அவர் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, உள்ளே விரலைவிட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. விரலை என் பக்கம் நீட்டினார். மஞ்சளாகக் கட்டி கிரீஸ்.

"லாஞ்சு கிரீஸ். நாந்தான் வச்சிருக்கேன், டீச்சர்."

லாஞ்சில் உப்புத்தண்ணி ஏறாமல் இருக்க, சீல் போடுவதற்கு முன்னால் கை நிறையக் கிரீஸை அப்புவார்கள். அப்பாவிட்டால் படகுக்காரர்கள் கூலியே தரமாட்டார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அது விஷம். எண்ணெயில் கரையாது, ஊசி நுழைகிற துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். கியர்பாக்ஸ் சீலுக்கு அதே சிவப்பு எண்ணெயைத்தான் தொட்டுத் தடவ வேண்டும். சீல் போட்ட அன்று காலை முழுக்க லாஞ்சு வேலை, மத்தியானம் என்னோடு சண்டை. பேசிக்கொண்டே கை பழைய டப்பாவுக்குப் போயிருக்கிறது.

"தம்மாம்ல ஒருத்தன் இதைச் செஞ்சிருந்தா நான் செருப்பால அடிச்சிருப்பேன். எங் கை பண்ணின வேலை, திருப்பிக் கழட்டுதேன்" என்றார். என் தடியைப் பார்த்தார். "ரெண்டு போடணும்னா போடுங்க, தகரத்தை விடுங்க."

அடிக்கவில்லை. ஆனால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் குனிந்து கழற்றிக்கொண்டே கேட்டார். ஒர்க்ஷாப்காரன் மூன்று தடவை பொய் சொன்னான், இந்த ஆள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது மண்டையில் ஏறுவதற்கு எனக்கு ஒரு நாள் ஆனது.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது அண்ணன் ஷெட்டுக்கு வந்தான். கூடவே வன்னியபெருமாள் என்கிற கார் புரோக்கர். என் வண்டி சக்கரமில்லாமல் கட்டையில் நின்றது. கியர்பாக்ஸ் நாலு தட்டுகளில் பரப்பிக் கிடந்தது.

"என்னவே இது?" என்று கத்தினான் அண்ணன். "இன்னைக்கு விலை பேசியாச்சு. மரியாதையாப் பூட்டிக் குடும். வண்டி எம் பேர்ல இருக்கு."

மாரிச்செல்வம் என்னைப் பார்த்தார். "ஆமாவா, டீச்சர்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து, ஒரு தட்டைத் தூக்கி அண்ணன் கையில் வைத்தார். "அப்ப நீருதான் ஓனர். இந்தாரும், இன்னும் மூணு தட்டு இருக்கு. சாக்கு வேணும்னா தாரேன். நான் ஓட்டுத ஆளுக்குத்தான் பூட்டுவேன், விக்கித ஆளுக்கு இல்ல."

வன்னியபெருமாள் தட்டுகளைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதைப் பழைய இரும்புக்காரன்கூட எடுக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

மாரிச்செல்வத்தின் கோபம் அப்புறம் என் மேல் பாய்ந்தது. "ஒரு மாசமா எங்கூட மல்லுக்கட்டுதிய. ரப்பருக்குச் சண்டை, தீக்குச்சிக்குச் சண்டை. இந்த மனுஷன்ட்ட ஒரு கையெழுத்துக் கேக்க வாய் வரல, என்ன?"

ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. உண்மை அதுதான். ஊரையெல்லாம் திட்டுவேன், அண்ணனிடம் மட்டும் ஆறு வருஷமாகக் கேட்கவில்லை. எனக்குப் பயம். கார் என்றைக்காவது நின்றுபோனால் அவன் பைக்கில்தானே ஏற வேண்டும் என்கிற பயம். அந்தப் பயத்தை நினைத்ததும் வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு நானே நடந்துபோய், பெயர் மாற்றும் படிவங்களை வாங்கிவந்து அண்ணன் முன்னால் நீட்டினேன்.

"கையெழுத்துப் போடு."

"ஏளா ஜாய், எல்லாம் உன் நல்லதுக்குத்தானே..."

"எனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். போடு."

கையில் தட்டோடு நின்றவன் சுற்றிலும் பார்த்தான். விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி தயார். மாரிச்செல்வம் இந்தத் தடவை ஷெட்டில் இருந்த கிரீஸ் டப்பாக்களை எல்லாம் வெளியே கடாசிவிட்டுத்தான் பூட்டியிருந்தார். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸில் போட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வெண்ணெயாக நகர்ந்தது. அழுதுவிட்டேன். "அழணும்னா வெளிய நின்னு அழுங்க, லாஞ்சுக்காரன் காத்துக் கெடக்கான்" என்று கத்தினார் மாரிச்செல்வம்.

ஷெட் வாசலில் அண்ணன் பைக்கோடு நின்றான். யார் சொல்லி வந்தான் என்று தெரியாது. கண்ணாடியை இறக்கினேன்.

"நாப்பது கிலோமீட்டர் போவணுமே. நான் பின்னாலயே வரட்டா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம்ணே. நேரமாவுது, நீ வீட்டுக்குப் போ" என்றேன். குரலில் கோபம் இல்லாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.