கமலம் அக்கா தைத்த குத்துப்பை

கமலம் அக்கா இறந்த செய்தியை அவர் மகன் செந்தில்தான் போனில் சொன்னான். நான் கேட்ட முதல் கேள்வி, "விழுந்துட்டாங்களா தம்பி?"

"இல்லீங்க சித்தி. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாங்களாம். எந்திரிக்கவே இல்லீங்க."

துக்கத்துக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. வெளியாட்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். வெலிங்டன் பட்டாளத்துத் தையல் கூடத்தில் எங்களோடு மிஷின் மிதித்தவர்களுக்கும், குன்னூரில் அக்காவின் தெருக்காரர்களுக்கும் புரியும். கடைசிக் காலத்தில் அவர் அடித்த அத்தனை கூத்தும் விழாமல் இருப்பதற்காகத்தான்.

ஓய்வு பெற்ற மறு வருடம், மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சரிவில் வீடு கட்டியவர்களுக்கு இங்கே படிகள்தான் தெரு. கணவர் போன பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் செந்தில், கட்டுப் பிரித்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டான்: "இன்னொருக்கா விழுந்தீங்கன்னா பேச்சே கெடையாதுங்கம்மா. ஊட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்தரோணும்."

பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அக்காவுக்குத் திருப்பூர் வெயில் ஆகாது. மருமகளின் சமையலறையில் கேட்டுக் கேட்டு டம்ளர் எடுப்பது ஆகவே ஆகாது.

எங்கள் தையல் கூடத்து ஜன்னலுக்கு எதிரே பட்டாளத்துப் பையன்கள் குத்துச்சண்டை பழகுவார்கள். "குத்தறதப் பாக்காத அம்மணி, காலைப் பாரு. எப்பிடித் தள்ளுனாலும் நிக்கறானுங்க" என்பார் அக்கா. நாங்கள் பையன்களைப் பார்த்தோம் என்பது வேறு விஷயம். கை சரியானதும், குத்துப் பழகினால் தானும் அப்படி விழாமல் நிற்கலாம் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. மெதுவாகச் செய்யுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் தானே தைத்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய கித்தான் பைக்கு இரட்டைத் தையல் போட்டு, உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டார். கம்பளிக் காலுறைக்குள் மெத்தைப் பஞ்சை அடைத்துக் கையுறையாக்கினார். விரலில் சுற்றிக்கொள்ளக் கிழிந்த நூல்சேலை. குரங்குக் குல்லாவின் நெற்றியில் எலாஸ்டிக் தைத்து அதன் நுனியில் ரப்பர் பந்தைக் கட்டினார். பந்தைக் குத்தினால் அது திரும்பி வரும், மறுபடி குத்த வேண்டும். முதல் நாள் அது நேராகத் திரும்பி வந்து அவர் மூக்கிலேயே அடித்தது. நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. சிரித்ததற்குத் தண்டனையாக, அவர் குத்தும்போது பையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. ஒரு குத்துகூட நான் குத்தியதில்லை.

தெருவில் கேலிக்குக் குறைவில்லை. படியில் காட்டெருமை நின்றால், "ஏனுங்க அக்கா, நீங்க முன்னால போங்க, ரெண்டு குத்து உடுங்க" என்பார் கீழ்வீட்டு ராமசாமி. "அதுக்குக் குல்லாப் போட்டு உட்டுட்டு அப்பறம் வர்றேனுங்க" என்பார் அக்கா.

அவர் செய்த ஒரே தப்பு, பைக்குள் அடைத்த சரக்கு. தேயிலை ஃபாக்டரியில் கழித்துப்போடும் காம்பு நாரை உரத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். சும்மா கிடைக்கிறதே என்று அதை அடைத்துவிட்டார். வெயில் காலத்தில் தலையணை மாதிரி இருந்தது. மழை தொடங்கியதும் ஜன்னல் வழியே வந்த மஞ்சுமூட்டத்தின் ஈரத்தையெல்லாம் குடித்து ஊதிக் கனத்தது. புளித்த வாடை வேறு. ஒரு காலையில் அக்கா ஓங்கி ஒன்று விட்டார். கொக்கி பிடுங்கிக்கொண்டு பை தரையில் விழுந்து வெடித்தது. வீடு அதிர்ந்தது.

சத்தம் கேட்ட ராமசாமி, மேலே வந்து பார்க்காமல், செந்திலுக்குப் போன் போட்டுவிட்டார்: அம்மா விழுந்துட்டாங்க.

மத்தியானத்துக்குள் செந்தில் காரோடு வந்துவிட்டான். நாங்கள் இன்னும் நாரைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். "கெளம்புங்கம்மா" என்றான்.

"விழுந்தது பை. நான் நின்னுட்டுத்தான் இருந்தேன். அம்மணியக் கேளு."

"ஆமாந்தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை. கூட்டாளி சாட்சி எடுபடுமா?

"சரி, நட. கார் வரைக்கும் வர்றேன்" என்று அக்கா செருப்பை மாட்டினார். படி ஈரமாக இருந்தது. கைப்பிடியைத் தொடாமல் கடைசிவரை இறங்கினார். செந்தில் காரின் கதவைத் திறந்தான். அக்கா அதைச் சாத்திவிட்டு, "பாத்துட்டயல்லோ? இப்ப மேல வா, டீ குடிச்சுட்டுப் போவியாம்" என்று திரும்பி ஏறத் தொடங்கினார். அவன் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பால் கொதித்துவிட்டது. அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான். அம்மாவின் துணிகளை எடுத்து வைக்கச் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்தபோது தோளில் ஒரு மூட்டை. பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி. "இது ஊறாதுங்கம்மா" என்று அவனே பைக்குள் திணித்து, உத்தரத்தில் புதுக் கொக்கியும் அடித்தான். அதன் பிறகு அக்கா விழவே இல்லை.

அக்காவின் காரியம் முடிந்ததும், அவர் ஞாபகமாக என்ன வேண்டும் என்று செந்தில் கேட்டான். குரங்குக் குல்லாவையும் பையையும் கேட்டேன். எனக்கும் படிகள் இருக்கின்றன. கோயமுத்தூரில் இருக்கும் என் மகளும் ஞாயிற்றுக்கிழமைதோறும், வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி அதே பேச்சைத்தான் பேசுகிறாள். பையைச் சுமந்து வந்து என் வீட்டில் மாட்டியவனும் செந்தில்தான். மாட்டியவன் கிளம்பவில்லை. அக்கா குத்தும்போது நான் நிற்கும் பக்கத்தில் நின்று, நான் பிடிப்பது போலவே பையைக் கட்டிக்கொண்டான்.

"குத்துங்க சித்தி."

அக்கா வைப்பதைப் போல ஒரு காலை முன்னால் வைத்தேன். அழுகையில் பை சரியாகத் தெரியவில்லை. குத்தினேன். பை ஆடியது, செந்தில் ஆடினான். நான் விழவில்லை.