லாரியை நிறுத்திய பீங்கான் பூனை

எங்கள் வீட்டில் பூனைக்கும் லாரிக்கும் ஒத்தே வராது. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி வண்டியை எடுப்பார். அப்படிப்பட்ட வீட்டில்தான் அத்தை பூனை வளர்த்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. சென்னையில் பீங்கான் கலை படித்துவிட்டு வந்து, பழைய டயர் கிடந்த கொட்டகையில் கரண்டு சூளை போட்டிருந்தார். செய்ததெல்லாம் பூனைதான். சோம்பல் முறிக்கும் பூனை, காலை நக்கும் பூனை, கோபித்துக்கொண்ட பூனை. எல்லாவற்றுக்கும் மாடல் எங்கள் சாம்பல் பூனை ராசாத்தி. "படிச்ச புள்ள மண்ணப் பெசஞ்சிட்டு உக்காந்திருக்குது" என்று ஊர் பேசியதை அத்தை காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

ராசாத்திக்கு லாரிச் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்து குறுக்கே நடக்கும். ஒரே காலையில் இரண்டு தடவை நடந்ததில் லோடு தாமதமாகி, அப்பா கண்டபடி பேச்சு வாங்கினார். அடுத்த நடைக்கே அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் தொப்பூர்ப் பக்கம் விட்டுவிட்டார். அன்றோடு அத்தை அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார்.

கோயம்புத்தூரில் அத்தையின் முதல் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ராசாத்தி இல்லாமல் அவருக்குக் கை ஓடவில்லை. மண்ணை உருட்டுவார், முகம் வந்ததும் நசுக்கிவிடுவார். நல்லாத்தானே இருக்கிறது என்றால், "இது பொம்மை, சாமி! பூனை இல்ல" என்று என்னிடம் அழுவார். பூனைக்காக யாராவது அழுவார்களா? எனக்குச் சிரிப்பாக வந்தது.

கடைசியில் ஒன்று தேறியது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும் பூனை. பின்னாளில் கண்காட்சியில் எல்லோரும் நின்று பார்த்தது அதைத்தான். மெருகு எப்படி வந்திருக்கிறது என்று வெயிலில் பார்க்க, அத்தை அதை வாசல் கேட் தூணின்மேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து, லோடு ஏற்றப் போக அப்பா வண்டியைக் கிளப்பினார்.

சட்டென்று இன்ஜின் நின்றது. அப்பா கேபினிலிருந்து குதித்தார். போச்சு, உடைக்கப் போகிறார் என்று பயந்தேன்.

"ராசாத்தி! வந்துட்டியா சாமி! எப்புடி வழி கண்டுபுடிச்சு வந்த?"

இரண்டு கையாலும் தூக்கிய பிறகுதான் அது பீங்கான் என்று அவருக்குத் தெரிந்தது. கீழே வைக்கவும் மனமில்லாமல் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"எந்த எடத்துலீங்கண்ணா உட்டீங்க?" என்றார். சண்டைக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கணவாய்க்குக் கீழ, டீக்கடை பக்கம். போறப்பெல்லாம் வண்டிய நிறுத்திக் கூப்புட்டுத்தான் பாக்கறேன் அம்மிணி. வரமாட்டேங்குது."

அத்தை செருப்புக்கூடப் போடாமல் கேபினில் ஏறினார். அன்றைய லோடை விட்டுவிட்டு இருவரும் தொப்பூருக்குக் கிளம்பினார்கள். நான் புரண்டு அழுதும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஊர் சுற்றப் போகிறார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று சாப்பிடாமல் கிடந்தேன்.

பொழுது சாயும்போது வந்தார்கள். அத்தையின் சுடிதார் முழுக்க முள் ஒட்டியிருந்தது. நான் ஓடிப்போய் மறித்து, "இவ்வளவு தூரம் போயிட்டு வெறுங்கையோடவா வந்தீங்க?" என்று கத்தினேன்.

இறங்க வந்த அப்பா மறுபடி சீட்டிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அவர் தோளில் கை வைத்தார். தின்ன ஒரு பொட்டலம்கூட வராமல் ஏமாந்தது நான், ஆறுதல் மட்டும் அவருக்கா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.