கீழ்வரிசை காலி

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே எங்கள் வீட்டுப் பக்கச் சுவரையொட்டி ஓடு இறக்கிய சாய்ப்பில் கிடந்த மரங்கள் எனக்கு மனப்பாடம். தேக்குச் சட்டம் பதினான்கு, அயினிப் பலகை ஒன்பது, வேங்கை ஆறு, பலா நான்கு, பெயர் தெரியாதவை ஒரு குவியல். அப்பா நாகர்கோவிலில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்து பஸ்ஸில் தகரத்தை உரித்துவிட்டால் மிச்சமெல்லாம் மரம்தான். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்ப்பில் உட்கார்ந்து அவற்றைப் பெஞ்சாகவோ பெட்டியாகவோ மாற்றுவார். மாறியதைவிட வந்து சேர்ந்ததுதான் அதிகம். தரையெல்லாம் மரம். சுவரோரமாக ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். அதுவும் என்னைப் போன்ற ஆள்.

மழைக்காலத்தில் அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெளிச்சத்தில் மரத்தூள் விழ மறந்ததுபோல் நிற்கும். ஈரத்தில் அயினிக்கு ஒரு வாசம், தேக்குக்கு ஒரு வாசம். பலகையின் ரேகையை விரலால் தொடர்ந்துகொண்டே போனால் ஆறு வரும், குளம் வரும், சில சமயம் தூக்கம் வரும்.

அப்படி ஒரு மழையில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஊரில் திருவிழா இல்லை, சொந்தத்தில் கல்யாணமும் இல்லை. கையில் ஒரு தகரப் பெட்டி. இடது முழங்கைக்குக் கீழே புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு. அடுப்பு பட்டது என்றாள், நான் நம்பினேன்.

பெட்டியை முன்னறையில் வாசலையொட்டி வைத்தாள். அது அங்கேயே இருந்தது. உடுத்த வேண்டியதை உருவிக்கொண்டு உடனே மூடிவிடுவாள். விடியுமுன் பாயைச் சுருட்டி அதன்மேல் வைத்துவிடுவாள். இரவு ஒருத்தி அங்கே படுத்திருந்த தடமே இருக்காது. அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "மழை வெறிக்கட்டு மைனி, போயிருவேன்" என்பாள். அடுத்த வீட்டுக்காரி, "இன்னும் போவல்லியா? மாப்பிள தேட மாட்டாரா?" என்று கேட்டபோதும் அதே பதில்தான். எங்கள் பக்கத்து மழை லேசில் ஓய்ந்து வெறிப்பதில்லை. இருந்தாலும் அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, மரமெல்லாம் கறையான் பிடிக்கப் போகிறது, சுவரில் ஏற்றிவிட வேண்டும் என்றார். மூன்று நிலைக்கால்களைச் சுவரோடு நிறுத்துவது; அவற்றில் துளை போட்டு, நீட்டிய கைபோலத் தாங்குகட்டைகளைச் செருகுவது; அந்தக் கைகளில் பலகைகளைப் படுக்கவைப்பது. தரை முழுக்க நமக்கு மிச்சமாகும். கட்டையின் முன்நுனியை ஒரு விரல் உயர்த்தி வைத்தால் மரம் வழுக்கி வராது. பஸ்ஸில் சாமான் தட்டு கட்டுவதும் இப்படித்தானாம்.

மரங்களைத் தாழ்வாரத்துக்கு மாற்றியதும் அளவெடுக்க வேண்டும். அப்பா முழக்கோலைத் தேடவில்லை. அத்தையைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வந்து சொவத்துல சாஞ்சு இரி."

"நான் எதுக்குண்ணே?"

"நூல் பிடிக்க ஆள் வேண்டாமா? கையத் தூக்கு. கொண்ட போடுவியே, அது மாதிரி. இன்னும் கொஞ்சம்."

அவள் உட்கார்ந்தபடியே நூலைத் தலைக்கு மேல் பிடித்தாள். அவள் விரல் நுனிக்கு மேலே அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டார். முதல் கட்டை அங்கேதான் வந்தது.

உதவிக்கு வந்திருந்த பட்டறைக் கூட்டாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேய், இம்புட்டுக் கனத்த தேக்கத் தலைக்கு மேல ஏத்துகீரே! கீழ அடுக்கப்பிடாதா? பஸ்ஸு கெட்டிக் கெட்டி ஒமக்குப் புத்தியும் மேலயே போயிற்று!"

"கறையான் ஏறும்லா."

"கறையானுக்கு நாலடி ஒரு தூரமா வேய்?"

அப்பா காதில் விழாததுபோல் உளியைத் தட்டினார்.

நானும் கூட்டாளியின் கட்சிதான். கீழே இன்னும் மூன்று வரிசை வைக்கலாம் என்று எண்ணிச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அப்பா ஒவ்வொரு கட்டையிலும் காலை மடக்கிக்கொண்டு தொங்கினார். "குரங்கு தோத்துப்போவும்" என்று அம்மா சிரித்தாள். நானும் தொங்கினேன். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

மரங்கள் மேலேறியபின் ஒரு தாளில் பட்டியல் எழுதிச் சோற்றுப் பசையால் நிலைக்காலில் ஒட்டினேன். மேல்வரிசை: பலா, பெயர் தெரியாதவை. அடுத்தது: அயினி, வேங்கை. அதற்கடுத்தது: தேக்கு. கீழ்வரிசை: காலி.

அந்தக் காலியிடத்தை நான் உடனே பஸ் ஆக்கிக்கொண்டேன். மேலே சாமான் தட்டு இருந்தால் அது பஸ்தானே. நான் கண்டக்டர், அத்தை பயணி. வெளியே மழை இரைந்தது. அதுதான் இஞ்சின் சத்தம். வில்லுக்குறி போயிற்று, தக்கலை போயிற்று. தேக்கு வாசத்தில் வண்டி மிதந்து போவதுபோல் இருந்தது.

"மார்த்தாண்டம்! எறங்குதவங்க எல்லாம் எறங்கு!"

அத்தை அசையவில்லை.

"அத்த, ஒங்க எடம் வந்தாச்சு."

"நான் எறங்கல்ல மக்கா."

"டிக்கெட்டு இதுவரைதான். எறங்கணும்."

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முன்னறையிலிருந்த தகரப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் தாண்டி உள்ளே வந்து, அதை அத்தையின் பக்கத்தில் சுவரோரமாக இறக்கினாள்.

"கண்டக்டரம்மா, சாமானும் ஏறியாச்சு. வண்டிய விடும்" என்றாள்.

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டிக்கெட் இல்லாத பயணியை அம்மாவே ஏற்றிவிட்டதில் எனக்குக் கோபம். விளையாட்டைக் கலைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெட்டி திறந்திருந்தது. தாங்குகட்டையின் நுனியில் அத்தையின் இரண்டு சேலைகள் தொங்கின. இரண்டு நாளில் மழை வெறித்தது. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்தபோது, வீட்டிலுள்ள ஒரு பொருளை அளவோடு வரையச் சொன்னார்கள். இந்த மரத்தாங்கியை வரைந்தேன். கனமான மரம் கீழே இருக்க வேண்டும், நாலடி உயரம் வீண் என்று ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார். அந்த வட்டத்துக்குள் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை இன்றும் அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் படுக்கிறாள். காலையில் பாயில் உட்கார்ந்தபடியே கொண்டை போடுகிறாள். கை எதிலும் இடிப்பதில்லை. மேலே தேக்கு மாறியிருக்கிறது, அயினி தீர்ந்துவிட்டது. பழுத்துப்போன என் பட்டியல் மட்டும் நிலைக்காலில் அப்படியே இருக்கிறது, கீழ்வரிசை காலி என்று. அதைத் திருத்தச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.