இரண்டு பேருக்கான பலகை

அந்தத் தெருவில் தையற்காரியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அளவக்கா என்றால்தான் தெரியும். டேப்பைத் தொடாமலே ஆளைப் பார்த்து தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். தப்பு என்று எதிர்த்துச் சொல்ல வாடிக்கையாளர்களில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. துணி இறுக்கினால் வயிற்றை எக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் தைத்துக் கொடுத்த கோட்டை, சொந்தத் தம்பியே தன் கல்யாணத்தன்று போடவில்லை. கடையில் வாங்கிய ரெடிமேட் கோட்டோடு வந்து நின்றான். அளவக்கா சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நல்லது கெட்டது எல்லாம் தம்பி மனைவியின் போன் வழியாகத்தான். இப்போது அவனுக்கு எங்கோ தொலைதூரத்துக்கு வேலை மாற்றல்.

"போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வர்றோம் அண்ணி" என்று தம்பி மனைவி போனில் சொன்னாள். இந்தத் தடவையும் உம்மென்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போனான் என்றால் அவ்வளவுதான், தம்பி இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முகம் பார்த்துப் பேச அவளுக்கும் வராது, அவனுக்கும் வராது. இரண்டும் ஒரே அச்சு. சின்ன வயதில் அடித்துக்கொண்டால் நேரே வீடியோ கேம் கடைக்குப் போவார்கள். ஒரே மெஷின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவார்கள். வெளியே வரும்போது எதற்காக அடித்துக்கொண்டோம் என்பதே மறந்திருக்கும்.

"ஏங்க, அந்த மாதிரி மெஷின் ஒண்ணு வீட்டுல செய்ய முடியுமா?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் எலக்ட்ரீஷியன். மனைவி கேட்டால் நிலாவுக்கே ஒயர் இழுக்கக் கிளம்பிவிடுகிற ஆள். பழைய அலமாரி ஒன்றை அறுத்து, உள்ளே பழைய கம்ப்யூட்டரை உட்காரவைத்து, மேலே டிவியைச் சாய்த்துப் பொருத்திவிட்டார். ஆடுகிறவர்கள் கை வைக்கிற பலகையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"கை எங்க போகும், எங்க வலிக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்? அத நான் பாத்துக்கறேன்."

வெட்டு மேஜையில் பழுப்புக் காகிதத்தை விரித்தாள். கையை வைத்துச் சுற்றிலும் சாக்கால் வரைந்தாள். இடது கைக்கு ஆளை நகர்த்துகிற ஜாய்ஸ்டிக், வலது கைக்கு அடிக்க, குதிக்க ஆறு பட்டன். பட்டன் இருக்க வேண்டிய இடங்களில் பாட்டில் மூடிகளை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தாள். கணவர் மூடிகளை நேர்க்கோட்டில் அடுக்கப் போக, ஒரு அதட்டல் விழுந்தது.

"விரலெல்லாம் ஒரே நீளமாவா இருக்கு? வளைச்சு வைங்க."

மணிக்கட்டு பலகை ஓரத்தில் அழுந்தக் கூடாது என்று முன்பக்கத்தைக் கொஞ்சம் சரிக்கச் சொன்னாள். ஒரு பாதி மனசுக்குப் பிடித்தமாதிரி வந்ததும், காகிதத்தை நடுவில் மடித்துப்போட்டு கத்தரியால் வெட்டித் தூக்கிக் கொடுத்தாள். அவர் அதைப் பிளைவுட்டில் ஒட்டி, ட்ரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி, ஓட்டை போட்டார். விளிம்பைத் தேய்த்தார், நீலப் பெயின்ட் அடித்தார். காய்ந்ததும் பட்டன்களை மேலிருந்து செருகி, அடியில் மரை முடுக்கி, ஒயர் கொடுத்தார். அமுக்கினால் டிக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்கிற சுகத்துக்காகவே அளவக்கா போகிறபோதும் வருகிறபோதும் ஒரு தட்டுத் தட்டினாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஆடிப் பார்க்க நின்றார்கள். ஆரம்பித்த உடனேயே அவர் முழங்கை அவள் விலாவில் இடித்தது.

"தள்ளி நில்லுங்க."

"எங்கம்மா தள்றது? என் பட்டனெல்லாம் உன் பக்கத்துல இருக்கு. ஜாய்ஸ்டிக் அந்தக் கோடியில இருக்கு."

அளவக்கா குனிந்து பார்த்தாள். ரவிக்கைக்கு முதுகு வெட்டுகிற மாதிரி மடித்து வெட்டியிருக்கிறாள். இடது பாதியில் எப்படியோ அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல வலது பாதியில். இரண்டு பேருடைய பன்னிரண்டு பட்டனும் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. வலப்பக்கம் நிற்கிறவர் இடது கையால் பட்டன் தட்ட வேண்டும்.

"ஏங்க, ஓட்டை போடும்போது பாக்க மாட்டீங்களா?"

"நீ வெட்டினத நான் தப்புன்னு சொல்லவா? இந்த வீட்டுலயா?"

புதுப் பலகை அறுக்க நேரமில்லை. வேறு யாராவது செய்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். தானே செய்ததால் சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். "தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்று அவள் கணவரிடம் சொன்னாள். "வேணாம்னு சொல்லு" என்று அவன் மனைவியிடம் சொன்னான். அந்த இரண்டு அப்பாவிகளும் இப்படித் தபால்காரர் வேலை பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனார்கள். கடைசியில் கணவர்தான் பொறுக்க முடியாமல் மச்சான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மெஷின் முன்னால் நிறுத்தினார். அளவக்காவும் பக்கத்தில் போய் நின்றாள்.

திரையில் அடியாட்கள் கும்பலாக வந்தார்கள். தம்பியின் இடது கை தடுமாறியது. ஆனாலும் விடாமல் தட்டினான். அளவக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். கும்பல் நெருங்க நெருங்க அவள் கை வேகத்தில் நடுக்கோட்டைத் தாண்டி அவன் பட்டன்மேல் விழுந்தது. திரையில் தம்பியின் ஆள் தேமே என்று நின்ற இடத்திலிருந்து குதித்து நேரே பள்ளத்தில் விழுந்தான்.

"அக்கா! கைய எடு! அது என் பட்டன்!"

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் பட்டன்னு பேரா எழுதியிருக்கு?" என்றாள் அளவக்கா.

தம்பி பலகையை உற்றுப் பார்த்தான். தையற்காரியோடு வளர்ந்தவன் அல்லவா. "மடிச்சுப் போட்டு வெட்டினியா?"

"ஆமா. தப்பாப் போச்சு."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கணவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அளவக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "கோட்டும் இறுக்கமாத்தான் இருந்துச்சா?"

"மூச்சு விட முடியலக்கா."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? ரெண்டு தையல் பிரிச்சு விட்டிருப்பேனே."

"உன்கிட்டயா? பயம்." பட்டனைத் தட்டிக்கொண்டே சொன்னான். "கல்யாணத்தன்னைக்கு நீ பாதியில போனதும் எனக்குச் சோறே எறங்கல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரையில் இருந்ததெல்லாம் கலங்கிப்போய் எவன் அடிக்கிறான், எவன் அடி வாங்குகிறான் என்றே தெரியவில்லை.

"அக்கா, அப்புறமா அழு. பின்னால ஒருத்தன் வர்றான் பாரு."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்கக் கை ஒழியவில்லை. குத்துமதிப்பாக ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.