மகளின் தலையில் ஒட்டிய மாவு

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் அடுப்படியில் இருந்தவர்கள் நான்கு பேர். தோசைக்கல்லுக்கு முன்னால் நான். எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்த என் மகள், அவளுக்கு ஒன்பது வயது. அவள் பக்கத்தில் ஐந்து வயது மகன். கதவில் சாய்ந்து நின்றவள், உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு நாத்தனார். என் வீட்டுக்காரர் இல்லை. புளி லோடு ஏற்றிக்கொண்டு கண்ணமங்கலம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். செய்திருப்பேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். என் மகள் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். எடை குறைவு, இரத்தம் குறைவு என்று எழுதியிருந்தது. நான் எட்டாவது பாதியில் நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், ஆனால் படித்ததை மனசில் ஓர் இடத்தில் வைக்கத் தெரியாது. அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறை அரிசி அள்ளும்போதும் எடுத்துப் படித்தேன். குறைவு, குறைவு. சீட்டில் இருந்தது இரண்டு வார்த்தை. எனக்கு அது பெரிய வியாதியாக வளர்ந்துவிட்டது.

ஊருக்கு வரும் நர்சம்மாவிடம் கேட்டதற்கு, சாமை கொடு, கேழ்வரகு கொடு, முருங்கைக்கீரை கொடு, முட்டை கொடு என்றார். உங்கள் நிலத்தில் விளைவதே சாமைதானே, உனக்கு என்ன கஷ்டம் என்றும் கேட்டார். கஷ்டம் என் மகள்தான். சின்ன வயதில் சாமைச்சோறு சாப்பிட்டவள்தான் அவள். கோடை விடுமுறைக்குக் கண்ணமங்கலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்ததும், தட்டைத் தள்ளி வைத்தாள். அங்கே சாமையைக் கோழிக்குத்தான் போடுவார்களாம். வெள்ளைச்சோறு, ரசம், உருளைக்கிழங்கு. இது மூன்றைத் தவிர ராத்திரியில் அவள் வாயில் எதுவும் இறங்காது. சின்னவன் வேறு மாதிரி. அவனுக்குத் தட்டு நிறைந்திருந்தால் போதும்.

என் வீட்டுக்காரரின் போனில் ஒரு அம்மா சமையல் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் விரும்பும் ராத்திரிச் சாப்பாடு, ஏழு நாளைக்கும் ஏழு வகை. அந்த அம்மாவின் அடுப்படி எங்கள் வீட்டைவிடப் பெரியது. அவர் சொன்ன காய்களில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று சொன்னார், அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்குத் தெரியாமல் சேர்த்துவிடுங்கள்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம், ஒரு சாப்பாட்டுக்கு ஒரு தாளாக எழுத ஆரம்பித்தேன். திங்கள், இட்லி, மாவில் சாமை பாதி. செவ்வாய், பருப்புப்பொடி, அதில் காய்ந்த முருங்கை இலைத்தூள். வியாழன், சப்பாத்தி, கேழ்வரகு மாவு ஒரு பிடி. அப்படியே மற்ற நாளுக்கும். மத்தியானம் கொல்லையில் களை எடுக்கும்போதுகூட ராத்திரிக்கு எதில் எதை ஒளிக்கலாம் என்றுதான் யோசனை ஓடும். தாள்களை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். திருட்டுக் கணக்கைச் சாமிக்குப் பின்னால் வைத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. இரண்டாவது வாரம் மோந்து பார்த்தாள். சப்பாத்தி ஏன் கறுப்பாக இருக்கிறது என்றாள். மாவு பழசு என்றேன். பொடி ஏன் பச்சை என்றாள். கொத்தமல்லி என்றேன். பொய் சொல்லச் சொல்ல எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவள் சாப்பிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, என்னைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் புதன்கிழமை தோசை. அவள் தோசையைப் பிய்க்காமல் இரண்டு கையாலும் தூக்கி, லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாமா கலந்த இதுல?”

ஒன்றும் கலக்கவில்லை என்றேன். நாத்தனார் சிரித்தாள். என் காலண்டர் தாள் அவளுக்குத் தெரியும்.

“அரிசி மில்லுக்காரன்கூட இவ்ளோ கலப்படம் பண்ண மாட்டான், அண்ணி.”

நான் அவளை முறைத்தேன். மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தோசையைத் தட்டில் போட்டாள். எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. குறைவு, குறைவு. இன்றைக்கு இவள் எழுந்து போய்விட்டால் நாளைக்கும் சாப்பிட மாட்டாள், அதற்கு அடுத்த நாளும் சாப்பிட மாட்டாள் என்று என் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

“என் தல மேல கை வெச்சிச் சொல்லு. அப்ப துன்றேன்.”

வைத்தேன். யோசிக்கவே இல்லை. மாவுக் கையை முந்தானையில் துடைக்கக்கூட இல்லை. அவள் உச்சந்தலையில் கை வைத்து, சத்தியமாக ஒன்றும் கலக்கவில்லை என்றேன். நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டாள். உறைமோரை வாங்காமலே போய்விட்டாள். என் மகள் மூன்று தோசை சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல்.

தொட்டால் சுடுகிற காய்ச்சல். தலையைத் தடவிக் கொடுத்தபோது உச்சியில் ஏதோ சொரசொரவென்று பட்டது. பார்த்தால் மாவு. சாமை அரைத்த மாவு, காய்ந்து, முடியோடு ஒட்டிக் கிடந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன். அது முடியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. எந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று இத்தனை நாளாக ஒளித்து ஒளித்துப் போட்டேனோ, அதன் தலையிலேயே அடித்துப் பொய்ச்சத்தியம் செய்திருக்கிறேன்.

நர்சம்மா வந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே காய்ச்சல், மழைக்காலத்துக் காய்ச்சல், பயப்படாதே என்று மாத்திரை கொடுத்தார். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மற்ற பிள்ளைகளுக்கு மழையால் வந்திருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் தலையில் கை வைக்கவில்லையே. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும்போதெல்லாம் கரண்டியை அவள் ஒரு மாதிரி பார்ப்பாள். மாத்திரையில்கூட எதையாவது கலந்திருப்பேன் என்ற பார்வை. அதுதான் காய்ச்சலைவிட எனக்குச் சுட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாள். ரேஷன் அரிசியில் வெறும் கஞ்சி, உப்பு மட்டும் போட்டு வைத்தேன். அவள் தொடவில்லை. சின்னவனைக் கூப்பிட்டு, “நீ மொதல்ல குடி,” என்றாள். அவன் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அப்புறம்தான் அவள் வாயில் வைத்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாள்களை எடுத்துவந்து அவள் பாயில் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி, பொடி, சப்பாத்தி, கடைசியில் தோசையையும் சத்தியத்தையும். நாத்தனாரும் அப்போது வந்திருந்தாள். எனக்காகப் பரிந்துதான் பேசினாள். ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து குலசாமிக்கு வைத்துவிட்டால் பொய்ச்சத்தியம் விலகிவிடும், அப்புறம் படவேடு கோயிலுக்குப் போகும்போது உண்டியலில் போட்டால் போயிற்று என்றாள். நான் துணி தேடப் போனேன்.

“சாமி தலைலயா அடிச்ச?” என்றாள் மகள். “என் தலைலதான அடிச்ச? துட்ட என்கிட்ட குடு.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு என்று கேட்டேன். ஒரு தடவை ஏமாற்றியதற்குப் பத்து ரூபாய் என்றாள். பாயில் உட்கார்ந்தபடி தாள்களை ஒன்றொன்றாக எண்ணினாள். பதினொன்று. நூற்றுப்பத்து ரூபாய். முட்டை விற்ற காசில் வாரம் பத்தாகத் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

பிறகு பாயில் சாய்ந்து படுத்துக்கொண்டு சொன்னாள்.

“என் பொறந்த நாளுக்கு கேசரி செஞ்சியே, அது ஒண்ணுதான் சுத்தமா செஞ்ச. அது நல்லா இருந்துச்சுமா.”

அந்தக் கேசரி ரவையில் செய்ததில்லை. சாமை நொய்யை நெய்யில் வறுத்து, கலர்ப்பொடி போட்டுச் செய்தது. அதையும் எழுதித்தான் வைத்திருந்தேன். தாள்களை எடுத்தபோது அந்த ஒன்றை மட்டும் என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. பன்னிரண்டு என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் கண்ணை மூடிவிட்டிருந்தாள். தூங்கவில்லை, சும்மா மூடியிருந்தாள். அப்போதுகூட நான் சொல்லவில்லை.

இப்போது வாரத்துச் சாப்பாட்டை அவள்தான் எழுதுகிறாள். காலண்டர் தாளின் பின்பக்கம்தான், ஆனால் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைக்கிறாள். புதன்கிழமை சாமைச்சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, இது அவளே போட்டது. சில புதன்கிழமை தட்டைக் காலி செய்கிறாள், சில புதன்கிழமை பாதியில் எழுந்துவிடுகிறாள். போன முறை எடை பார்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைவுதான் என்றார்கள். அந்தச் சீட்டும் அரிசி டப்பாவில்தான் இருக்கிறது.

அடுத்த பிறந்த நாளுக்கும் அதே கேசரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். சொன்னால் இனிமேல் கேசரியும் தொட மாட்டாளோ என்று பயமாகவும் இருக்கிறது.

இதுவரை ஏழு வாரம் கொடுத்துவிட்டேன். அவள் கணக்கில் பாக்கி நாற்பது ரூபாய். என் கணக்கில் ஐம்பது.